கப்பலின் அடியிலுள்ள செவி

முற்காலத்து மாலுமிகள் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கிக் கடலின் ஆழத்தை அறிந்தனர். கயிறு நேராக இறங்கிற்றா, நீரோட்டத்தால் வளைந்துவிட்டதா என்பதே அவர்களுடைய கவலை. இன்று அவ்வேலையை ஒலி செய்கின்றது. ஆயினும் கவலை அகன்றபாடில்லை. கயிற்றுக்குப் பதிலாக ஒலிக்கதிர் எத்திசையிற் சென்றது என்று இப்பொழுது கேட்கவேண்டியிருக்கின்றது.

ஸோனார் கருவியின் உறுப்புக்களில் கடல்நீரைத் தொட்டு நிற்பது டிரான்ஸ்டியூஸர் என்பதாகும். மின்துடிப்பை ஒலியாக மாற்றி அனுப்புவதும், திரும்பிவரும் எதிரொலியை மீண்டும் மின்துடிப்பாக மாற்றுவதும் இதன் தொழில். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஒலி போய்வர 0.2 விநாடி ஆயிற்றெனில் ஆழம் 150 மீட்டர். ஆனால் இது டிரான்ஸ்டியூஸரின் முகத்திலிருந்து கணக்கிட்ட ஆழமேயன்றி நீர்மட்டத்திலிருந்து கணக்கிட்டதன்று. கப்பல் அமிழ்ந்திருக்கும் அளவை அறிந்து, முகம் நீர்மட்டத்திற்கு எவ்வளவு கீழே இருக்கின்றதோ அதனைக் கூட்டவேண்டும். எரிபொருள் செலவாகச் செலவாகக் கப்பல் மேலெழும்பும். ஆகவே நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாது.

டிரான்ஸ்டியூஸரைப் பொருத்தும் இடம் கப்பல் கட்டும்பொழுதே முடிவாகிவிடுகின்றது. அதற்குப் பெரும் பகை காற்றுக்குமிழி. அணியம் அலையைக் கிழிக்கும்பொழுது எழும் குமிழிகள் அடித்தட்டை ஒட்டிப் பின்னோக்கி ஓடும். அவை முகத்தை மூடினால் எதிரொலி கேட்காது. பின்புறத்திலோ சுழல்விசிறியின் இரைச்சல். ஆதலின் பெரும்பாலும் கப்பலின் முற்பாதியில், ஏரா எனப்படும் நடு அடிமரத்தையொட்டி இடம் தேர்ந்தெடுக்கின்றனர். சில கப்பல்களில் அடித்தட்டினின்று சற்றே கீழிறங்கிய கூடொன்று அமைத்து, குமிழிகள் அதன்மேல் செல்லுமாறு விடுவதும் உண்டு.

பொருத்திய பிறகு கப்பல் உலர்துறையில் இருக்கும்பொழுதே அளவைத் தொழில் தொடங்கும். கப்பலில் ஒரு புள்ளியை மூலமாகக் கொண்டு, டிரான்ஸ்டியூஸர், ஆட்டத்தை உணரும் கருவி, செயற்கைக்கோள் ஆன்டெனா ஆகிய ஒவ்வொன்றும் அதிலிருந்து முன்பின்னாக, இடவலமாக, மேல்கீழாக எவ்வளவு தொலைவில் உள்ளன என்று நில அளவையாளரின் கருவிகொண்டு அளக்கின்றனர். ஆட்ட உணரியைவிட டிரான்ஸ்டியூஸர் 10 மீட்டர் முன்னே இருந்து, கப்பல் 2 பாகை முன்பின்னாகச் சாய்ந்தால், டிரான்ஸ்டியூஸர் 35 சென்டிமீட்டர் ஏறவோ இறங்கவோ செய்யும். தொலைவு தவறானால் இத்திருத்தமும் தவறாகும். கூட்டல் கழித்தல் குறியில் நேரும் பிழையோ இன்னும் பொல்லாதது. ஒரு கருவி கீழ்நோக்கிய தொலைவைக் கூட்டலாகக் கொள்ளும், மற்றொன்று மேல்நோக்கியதைக் கொள்ளும். குறி மாறினால் பிழை இருமடங்கு. 12 மீட்டர் பிழை முதல்நாளே கண்ணிற்படும். 20 சென்டிமீட்டர் பிழைதான் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

தொலைவைவிடக் கோணமே மிகுந்த இடர் தருவது. இக்காலப் பல்கதிர்க் கருவி ஒரே துடிப்பில் நூற்றுக்கணக்கான கதிர்களை இருபுறமும் விசிறிபோல் விரித்து ஆழம் காண்கின்றது. துறைமுக வாயிலில் ஆழம் 20 மீட்டர் என்று கொள்வோம். 60 பாகை சாய்ந்த ஓரக்கதிர் 34.6 மீட்டர் அப்பால் தரையைத் தொடும். டிரான்ஸ்டியூஸர் அரைப்பாகை பக்கவாட்டில் சாய்ந்திருந்து, அது கணக்கிற் சேராது போனால், அவ்வோரத்தில் ஆழம் 30 சென்டிமீட்டர் பிழைபடும். சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பு விதிகளின்படி, கப்பலடிக்கும் தரைக்கும் இடைவெளி குறுகிய இடங்களுக்குரிய சிறப்புத் தரத்தில், 20 மீட்டர் ஆழத்திற்கு அனுமதிக்கப்படும் மொத்தப் பிழையே ஏறத்தாழ 29 சென்டிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத அரைப்பாகை அவ்வளவையும் விழுங்கிவிடுகின்றது. அப்படத்தை நம்பி, அடியில் ஒரு மீட்டரே எஞ்ச உள்ளே வரும் சரக்குக் கப்பலின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இதனை வகுப்பறையிலேயே காட்ட முடியும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் டார்ச் விளக்கொன்றைக் கோணமானியுடன் கட்டி நேர்கீழே ஒளியைப் பாய்ச்சி, ஒரு பாகை திருப்பினால் ஒளிப்பொட்டு மூன்றரை சென்டிமீட்டர் நகரும். 60 பாகை சாய்த்து வைத்து அதே ஒரு பாகையைத் திருப்பினால் 14 சென்டிமீட்டர் நகரும். மாணவர் அளவுகோலால் தாமே அளந்து காணட்டும்.

உலர்துறை அளவு எத்துணை நுட்பமாயினும் கடலிற் சோதித்த பின்னரே ஏற்கப்படும். முதலில் நீரில் ஒலியின் வேகத்தை அளந்துகொள்கின்றனர். பிறகு சமதளமான தரைமீது ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் எதிர்த்திசையாகத் திரும்பி வருகின்றனர். டிரான்ஸ்டியூஸர் சாய்ந்திருந்தால் போகும்பொழுது ஒருபுறம் தாழ்ந்து தோன்றிய தரை, வரும்பொழுது உயர்ந்து தோன்றும். இரு வரைவுகளும் கத்தரிக்கோல்போல் ஒன்றையொன்று வெட்டும்; அவற்றிடைக் கோணத்திற் பாதியே பிழை. ஒலி வேகம் தவறாயிருந்தாலோ இரு ஓரங்களும் ஒருசேர மேலோ கீழோ வளையும். இவ்வேறுபாட்டை அறியாதவர் நோயை மாற்றி மருந்திடுவர்.

முன்பின் சாய்வுக்குச் சமதளம் உதவாது, சரிவு வேண்டும். சரிவின்மேல் போய்வரும்பொழுது இரு வரைவுகளும் 50 மீட்டர் ஆழத்தில் 1.75 மீட்டர் விலகி நின்றால் பிழை ஒரு பாகை. கருவிகளின் கடிகாரங்கள் ஒவ்வாமலிருப்பதும் இதே தோற்றத்தைத் தருமாதலால், ஒரே திசையில் மெதுவாகவும் விரைவாகவும் ஓடி அதனை முன்னரே களைந்துவிடுவர். திசைவிலகலை, பாறை போன்ற ஒரு பொருளின் இருமருங்கும் இணைகோடுகளில் ஒரே திசையிற் சென்று காண்பர்.

1954 முதல் டேராடூனிலிருந்து நம் கடல்வரைபடப் பணி நடத்தப்பட்டு வருகின்றது. 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் கடற்படையிற் சேர்ந்த ஐ.என்.எஸ். சந்தாயக் அப்பணிக்குரிய 110 மீட்டர் நீளமுள்ள கப்பல். பல்கதிர்க் கருவி தாங்கியது. இத்தகைய கப்பல் எதுவாயினும், டிரான்ஸ்டியூஸரையோ ஆட்ட உணரியையோ கழற்றி மாற்றினால், பழைய எண்கள் செல்லா. உலர்துறையில் அளவு, சரிவுமேல் ஓட்டம், சமதளத்தில் போய்வரல் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.