அரணைக்கு ஏற்ற இல்லம் எது?

அரணை கடித்தால் மரணம் என்று சொல்லி வைத்த எமது முன்னோர், அதே அரணை கடிக்க வந்து, வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும் என்றும் சொல்லி வைத்தனர். மறதி மிகுந்தவரை 'அரணைப் புத்தி' என்று கேலி செய்வதும் இதனாலேயே. இவ்விரு கூற்றுகளுக்கும் ஆதாரமில்லை. இலங்கையில் வாழும் அரணைகள் எவற்றுக்கும் நஞ்சு கிடையாது. ஆயினும் முதலாவது கூற்றை நம்பித் தும்புத்தடியை ஓங்குவோர் இன்றும் உளர்.

மறுபுறத்தில், வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து, அரணையொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கின்றனர். அடிக்கும் கையை விட அரவணைக்கும் கை மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த அரவணைப்பு அப்பிராணிக்கு நன்மை தருமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

மேலை நாடுகளில் வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் நீல நாக்கு அரணையாகும். அவுஸ்திரேலியாவையும் இந்தோனேசியாவையும் தாயகமாகக் கொண்ட இது, குட்டி ஈனும் இனம். நன்கு பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அரணையின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. எனவே பெட்டியின் ஒரு முனை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்துடனும், மறுமுனை 25 பாகையளவு குளிர்ச்சியுடனும் இருக்க வேண்டும். புற ஊதாக் கதிர் தரும் விசேட மின்குமிழும், புதைந்து ஒளிய மண்ணும் சருகும் வேண்டும். பூச்சிகளுக்குக் கல்சியத் தூள் தூவி ஊட்ட வேண்டும். கதிரும் கல்சியமும் குறைந்தால் எலும்பு மென்மையாகி வளைந்து, அப்பிராணி மெல்ல மெல்ல முடமாகும். அதனைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாவிடில் சல்மனெல்லா கிருமி பிள்ளைகளைத் தொற்றவும் கூடும். இருபது ஆண்டுக் காலம் இத்தனையையும் செய்ய எத்தனை குடும்பங்களால் இயலும்?

வளவில் ஓடும் அரணையைப் பிடித்துப் போத்தலில் அடைப்பது இதனிலும் தவறானது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அட்டவணையில் விலக்கப்பட்ட சில இனங்கள் தவிர்ந்த ஊர்வனவற்றைப் பிடிப்பதையும் உடைமையில் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊர்வனவற்றைக் கொண்டு வருவதற்கும் அனுமதிப்பத்திரம் அவசியம்.

இத்தகைய கட்டுப்பாடு வெறும் கெடுபிடியன்று. செல்லப் பிராணிச் சந்தைக்காக எமது நாட்டு ஓணான் இனங்கள் ஐரோப்பா வரை கடத்தப்பட்டதன் விளைவாகவே, 2019 ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் இலங்கையின் கொம்பு ஓணான்கள் உள்ளிட்ட பல இனங்களுக்குச் சர்வதேசப் பாதுகாப்புப் பெறப்பட்டது. அம்மாநாடு கொழும்பில் நடைபெறவிருந்து, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் இடம் மாற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அரணைகளிலும் வேறெந்த நாட்டிலும் காணப்படாத இனங்கள் எம்மிடம் உண்டு. கால்கள் குறுகியோ முற்றாக இல்லாமலோ மண்ணுக்குள் வாழும் நெசியா இனங்கள் அவற்றுட் சில. இவற்றைப் பாம்புக் குட்டி என்றெண்ணிக் கொன்றுவிடுவது பரிதாபத்துக்குரியது.

அவ்வாறாயின் அரணையை வளர்க்கவே இயலாதா? இயலும். அதனைப் பிடிக்காமல், அது வாழும் இடத்தைப் பேணுவதே அதற்கான வழியாகும்.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் வளவுடன் கூடிய வீடுகள் இருந்த இடங்களில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. கொட்டாஞ்சேனையிலோ பல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. எஞ்சிய முற்றத்துக்கும் சீமெந்து பூசிவிட்டால் அரணைக்குப் போக்கிடமில்லை. மதிலோரத்தில் இரண்டடி மண்ணை விட்டு வைத்தால், செடிகளின் அடியில் காய்ந்த சருகையும் நாலைந்து கற்களையும் போட்டு வைத்தால், அதுவே அதற்குப் போதுமானது. டெங்கு அச்சத்தால் சருகு முழுவதையும் கூட்டி அள்ளுவோர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். நுளம்பு பெருகுவது நீர் தேங்கும் யோகட் கோப்பையிலும் சிரட்டையிலுமே. அவற்றை அகற்றுங்கள், நீர் தேங்காத சருகை விட்டுவிடுங்கள். பூச்சிகொல்லியைத் தவிர்ப்பதும் அவசியம். நஞ்சுண்ட பூச்சியைத் தின்னும் அரணையும் நஞ்சையே உண்கிறது. கரப்பானையும் கறையானையும் கூலியின்றி ஒழிக்கும் ஊழியனை நாமே கொன்றவர்களாவோம்.

வழிதவறி வீட்டுக்குள் வந்த அரணையைக் கண்டு பதற வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் தானாகவே வெளியேறும். அல்லாவிடில் ஒரு பேணியால் மூடி, அடியில் மட்டையொன்றைச் செருகி, செடியோரத்தில் விட்டுவிடலாம். வாலைப் பிடித்தல் ஆகாது. அறுந்த வால் மீண்டும் வளரும் என்பது உண்மையே. ஆயினும் பல இனங்கள் வாலிலேயே கொழுப்பைச் சேமிப்பதால், அதனை இழப்பது சேமிப்பை இழப்பதற்கு ஒப்பாகும்.

காலை வெயிலில் மதில்மேல் பளபளக்கும் அரணையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். எங்கே குளிர்காய்கிறது, எதனைத் தின்கிறது, எந்த நேரத்தில் மறைகிறது என்று கொப்பியில் குறித்து வைக்கப் பழக்குவோம். கண்ணாடிப் பெட்டி கற்பிக்காத பல பாடங்களை அந்த இரண்டடி மண் கற்பிக்கும்.