கறுப்புப் படங்களும் தப்பி வந்தவர்களும்

'பிலிம் நுவார்' என்றால் என்ன தெரியுமா? பிரெஞ்சு மொழியில் 'கறுப்புப் படம்' என்று அர்த்தம். 1940-களில் அமெரிக்காவில் வந்த குற்றப் படங்களுக்கு 1946-ல் பிரான்ஸ் நாட்டு விமர்சகர்கள் வைத்த பெயர் இது.

இந்தப் படங்களில் நிழலும் ஒரு நடிகர் மாதிரிதான். ஜன்னல் இடுக்கு வழியா வரும் வெளிச்சம் ஆள் மேல சிறைக்கம்பி மாதிரி கோடு போடும். 'இவன் மாட்டப்போறான்'னு நமக்கு உடனே புரிஞ்சிடும்.

1944-ல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி' நல்ல உதாரணம். ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் ஒரு பெண்ணும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்று, ரயிலிலிருந்து விழுந்த மாதிரி காட்டுகிறார்கள். அந்த மாதிரி விபத்துக்கு இரண்டு மடங்கு பணம்! கொலைகாரன் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். எப்படி மாட்டினான் என்பதுதான் கதை.

இதை எடுத்த பில்லி வைல்டர் ஒரு யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டுத் தப்பினார். அவருடைய அம்மாவை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் என்று இப்படித் தப்பி வந்த இயக்குநர்கள் பலர். பயம்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலதான் படத்தில் அந்த இருட்டு நிஜமா இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். 1934-ல் அமெரிக்கா வந்தபோது வைல்டருக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியாது. 1946-ல் இங்கிலீஷ் படத்துக்குக் திரைக்கதை எழுதியதற்கும், இயக்கியதற்கும் ஆஸ்கர் வாங்கினார். இங்கிலீஷ் பீரியடுன்னாலே பயப்படுற என்னை மாதிரி ஆளுங்க இதை ஞாபகம் வச்சுக்கலாமே!