பெட்டியடியில் கிடக்கும் பழைய நோட்டு

காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு அண்மையில் பெரும் மவுசு உண்டாகியிருக்கிறது. உழவர் டிராக்டர் ஓட்டும் படமுள்ள நோட்டுக்கு இலட்சக்கணக்கில் விலை கிடைக்குமென்று கைப்பேசிகளில் செய்தி உலவுகின்றது. நம்பித் தொடர்பு கொள்வோரிடம் முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். அடுத்து வரி என்கிறார்கள். வலைக்கென ஒதுக்கிய பணத்தை இவ்வாறு பறிகொடுத்த தாய் ஒருவரை நான் அறிவேன். அந்த நோட்டோ ஏராளமாக அச்சிடப்பட்டது, இன்றும் செல்லும். கசங்கிய ஒன்றுக்கு ஐந்து ரூபாய்ப் பண்டமே கிட்டும். தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் தரகும் கேட்போரை நம்ப வேண்டாமென ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது.

பழமை மட்டும் விலையாகி விடாது. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் திரும்பிய நம்மவர் பலரின் பெட்டிகளில் ஜப்பானியர் 1942 முதல் 1945 வரை வெளியிட்ட நோட்டுகள் கிடக்கின்றன. எண்பது ஆண்டு கடந்தவை. எனினும் அளவின்றி அச்சடிக்கப்பட்டமையால் அவற்றுட் பெரும்பாலானவை சொற்ப விலைக்கே போகும். மாறாக, முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1918-இல் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு வெளிவந்தது. அது சில ஆண்டுகளே புழங்கியது. எஞ்சியவை மிகச் சில. சேகரிப்போர் அதற்குப் போட்டியிடுவது இதனாலேதான்.

ஒன்றுபோல் தோன்றும் இரு நோட்டுகளிடையேயும் வேற்றுமை உண்டு. ஒரு ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திடுவதில்லை. மத்திய நிதிச் செயலாளரே இடுவார். யார் கையெழுத்து, எந்த ஆண்டு, எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகள் யாவை, எண்ணின் அருகே தனித்து நிற்கும் ஆங்கில எழுத்து எது என்பவற்றையெல்லாம் விவரமறிந்தவர் கூர்ந்து நோக்குவர். 786 என முடியும் எண்ணுக்குச் சிலர் கூடுதலாகத் தருவர். அது வாங்குபவரின் ஆசையைப் பொறுத்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது தாளின் நிலை. மடிப்பே படாத நோட்டுக்கும் நான்காய் மடித்துச் சுருக்குப்பையில் வைத்த நோட்டுக்கும் விலையில் பன்மடங்கு வேறுபாடு இருக்கும். வங்கிக் கட்டுகளில் முன்னாளில் கம்பி குத்தியதால் உண்டான துளையும் குறையே. அழுக்கென்று கழுவுவதும், சுருக்கமென்று இஸ்திரி போடுவதும், கிழிசலென்று ஒட்டுத்தாள் ஒட்டுவதும் இருக்கும் விலையையும் கெடுக்கும். நம் பக்கத்து உப்புக் காற்றில் ஈரம் விரைவில் ஏறுமாதலால், மடிக்காமல், உலர்ந்த இடத்தில் வைத்தல் நலம்.

விற்க விரும்புவோர், ஒருவர் கேட்கும் விலையை நோக்காது, ஏலத்தில் அதே வகை நோட்டு அதே நிலையில் உண்மையில் எவ்வளவுக்குப் போனதென்று விசாரிக்க வேண்டும். சென்னையில் நடைபெறும் நாணயக் கண்காட்சிகளில் இரண்டு மூன்று வணிகரிடம் காட்டலாம். காட்டுவதற்குக் காசு வேண்டியதில்லை.

2016 நவம்பரில் செல்லாதாக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளுக்கு மட்டும் சட்டம் வேறு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைப் பத்துக்கு மேல் வைத்திருத்தல் குற்றம். ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ எனில் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம். மீறினால் குறைந்தது பத்தாயிரம் ரூபாய் அபராதம்.