சத்துக் கணக்கும் சாப்பாட்டுத் தட்டும்

போதிய ஆற்றலைத் தரும் உணவு கிடைத்தும் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ போன்ற நுண்சத்துகள் குறையும் நிலை மறைபசி எனப்படுகிறது. வயிறு நிறைந்திருப்பதால் இது எளிதில் புலப்படுவதில்லை. இக்குறையைத் தீர்க்கும் உணவைக் கணக்கிட்டே வகுக்க இயலுமா என்னும் கேள்வி பழையது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர், 77 உணவுப் பொருள்களிலிருந்து ஒன்பது சத்துத் தேவைகளையும் மிகக் குறைந்த செலவில் நிறைவு செய்யும் கலவையைத் தேடி, 1939ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டுக்கு 39.93 டாலர் போதும் என்று 1945இல் காட்டினார். பல வரம்புகளுக்கு உட்பட்டுச் சிறந்த விடையைக் காணும் கணித முறையான நேரியல் திட்டமிடலைக் கொண்டு 1947இல் ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணிப்பான்களில் மீண்டும் கணக்கிட்டபோது, செலவு வெறும் 24 சென்ட் மட்டுமே குறைந்தது. ஆயினும் கோதுமை மாவு, கெட்டிப்பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர் பீன்ஸ் ஆகியவற்றையே ஆண்டு முழுவதும் யார் உண்பார்? ஸ்டிக்லரே அதனை எவருக்கும் பரிந்துரைக்கவில்லை.

ஆகவே, இன்றைய வல்லுநர்கள் வட்டார உணவுப் பழக்கத்தையும் ஒவ்வொரு பொருளுக்குமான அளவு வரம்பையும் கணக்கில் சேர்க்கின்றனர். இதைவிடக் கடினமானது, உண்ட சத்து முழுவதும் உடலில் சேராமை. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைடேட் என்னும் சேர்மம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்து அவை குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்க, வைட்டமின் சி தாவர இரும்பு உறிஞ்சப்படத் துணைபுரிகிறது. மனித நலத்தையும் புவியின் நலத்தையும் ஒருசேரக் கருதி 2019இல் ஈட்-லான்செட் ஆணையம் முன்வைத்த உணவுமுறையிலும் இரும்பு, துத்தநாகம், கால்சியம், வைட்டமின் பி12 ஆகியன பற்றாமல் போகக்கூடும் என 2023இல் வெளியான ஆய்வு கணித்ததோடு, விலங்குவழி உணவைச் சற்றுக் கூட்டி, ஃபைடேட் மிகுந்தவற்றைக் குறைக்குமாறும் கூறியது.