கோவாலாவுக்கு மருந்தே ஏன் ஆபத்து?

நோய் வந்தா ஆன்டிபயாடிக் கொடுத்துட்டா போச்சு, இல்லையா? கோவாலா விஷயத்துல அது அவ்வளவு சுலபமில்லை.

கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் கோவாலாக்களை வாட்டுவது கிளமிடியா என்ற பாக்டீரியா. கண் பார்வை போகும். பெண் கோவாலாக்கள் குட்டி போட முடியாமல் ஆகும். ஆன்டிபயாடிக் இருக்கு. ஆனா கோவாலாவோட சாப்பாடே யூகலிப்டஸ் இலைதான். நச்சு நிறைந்த அந்த இலையைச் செரிக்க உதவுவது குடலில் வாழும் நுண்ணுயிர்கள். மருந்து அதையும் சேர்த்து அழிச்சிடும். நோய் போயிடும், ஆனா இலை செரிக்காம, கோவாலா பட்டினியில செத்துப்போகலாம்.

அதனாலதான் வருமுன் காக்கிற வழியைத் தேடினாங்க. சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தின் பீட்டர் டிம்ஸ் குழு உருவாக்கிய தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் அனுமதி கிடைச்சது. ஒரே ஒரு டோஸ் போதும். ஆனா அதைப் போட, ஒவ்வொரு கோவாலாவையும் மரத்துலேர்ந்து இறக்கிப் பிடிக்கணும். காடு முழுக்க அது நடக்காது. அதனால, சிகிச்சைக்கு வர்றதுக்கும் ஆபத்து அதிகமா இருக்கிற கூட்டங்களுக்கும்தான் முதல்ல ஊசி.