அபூர்வ சோல் இசைத்தட்டுகள்: விலை பாட்டுக்கா, தட்டுக்கா?

டேரல் பேங்க்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 1966ஆம் ஆண்டு ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ என்ற பாடலைப் பாடினார். அமெரிக்காவில் நன்றாக விற்ற பாடல் அது. அங்கே அச்சான அதன் இசைத்தட்டை இன்றும் சொற்ப விலைக்கு வாங்கிவிடலாம்.

அதே பாடல், அதே குரல். ஆனால் பிரிட்டனில் லண்டன் ரெக்கார்ட்ஸ் முத்திரையுடன் அச்சான தட்டு ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்கு ஏலம் போனது. பாடலை வெளியிடும் உரிமை வேறொரு நிறுவனத்திற்குச் சென்றதால், லண்டன் ரெக்கார்ட்ஸ் வெளியீடு கடைக்கு வராமலேயே நின்றுபோனது. தப்பிப் பிழைத்ததாகத் தெரியவந்த ஒரே பிரதி என்பதால்தான் அந்த விலை.

பாடிய டேரல் பேங்க்ஸ் 1970இலேயே டெட்ராய்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஏலம் நடந்தபோது அவர் இறந்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படியானால் அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? பாட்டுக்கா, தட்டுக்கா? இங்கிலாந்தின் சோல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களிடையே அரை நூற்றாண்டாக ஓயாத வாதம் இது.

ஆலைத் தொழிலாளர்களின் இசை

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாடல் மரபும் தாள இசையும் சேர்ந்து பிறந்த பாட்டு வகை. டெட்ராய்ட் நகரில் பெரி கோர்டி 1959இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது.

இந்த இசையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் வட இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆலையிலும் தொழிற்சாலையிலும் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை இரவு பேருந்தோ ரயிலோ ஏறிப் போய் விடிய விடிய ஆடினார்கள். முதலில் மான்செஸ்டரின் டுவிஸ்டட் வீல், பிறகு ஸ்டோக் வட்டாரத்தின் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, விகன் கசினோ என அடுத்தடுத்த கிளப்புகள் பெயர் பெற்றன.

விகன் கசினோவின் முதல் முழு இரவு நடனம் 1973 செப்டம்பரில் நடந்தது. பெயரில் கசினோ இருந்தாலும் அது சூதாட்ட விடுதியன்று. பழைய நடன மண்டபம். விடியற்காலை 2 மணிக்குக் கதவு திறந்தால் 8 மணி வரை ஆட்டம்தான். மதுபானம் விற்கப்படவில்லை. கால் வழுக்கிச் சுழல்வதற்குத் தரையில் முகப்பவுடரைத் தூவினார்கள். தூக்கத்தைத் துரத்தச் சிலர் ஊக்க மாத்திரை போட்டதும் உண்டு. போலீஸ் நெருக்கடிக்கு அது ஒரு காரணமானது. 1981 டிசம்பரில் கசினோ மூடப்பட்டது.

தெற்கே லண்டனில் ரசனை மாறி, மெதுவான புதுத் தாளம் வந்துவிட்ட காலம் அது. வடக்கே உள்ளவர்கள் மட்டும் பழைய வேகத் தாளத்தையே கேட்டார்கள். லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் காடின் இதைக் கவனித்து, 1970இல் தாம் எழுதிய பத்திரிகைப் பகுதியில் அந்தப் பாடல்களுக்கு ‘நார்த்தர்ன் சோல்’, அதாவது வடக்கத்தி சோல், என்று பெயர் சூட்டினார்.

விற்காத தட்டுக்கு வந்த மவுசு

இந்தக் கிளப்புகளின் வினோதம் ஒன்று உண்டு. பிரபலமான பாட்டை யாரும் விரும்பவில்லை. எல்லாரும் கேட்ட பாட்டு எந்த வானொலியிலும் கிடைக்கும். இங்கே மட்டும் கிடைக்கும் பாட்டுத்தான் கூட்டத்தைச் சேர்த்தது.

அமெரிக்காவில் அப்போது நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் இருந்தன. சில நூறு பிரதிகள் அச்சடிப்பார்கள். வானொலியில் விளம்பரப்படுத்தப் பணம் இருக்காது. பாட்டு எடுபடாவிட்டால் தட்டுகள் கிடங்குக்குப் போய்விடும். பிரிட்டிஷ் டிஜேக்களும் வியாபாரிகளும் அட்லாண்டிக் கடலைக் கடந்து போய் அந்தக் கிடங்குகளைத் துழாவினார்கள்.

கிளோரியா ஜோன்ஸ் பாடிய ‘டெய்ன்டட் லவ்’ அப்படிக் கிடைத்ததுதான். 1965இல் வெளிவந்து கவனிக்கப்படாமல் போன அந்தப் பாட்டின் தட்டை, டிஜே ரிச்சர்ட் சியர்லிங் 1973இல் பிலடெல்பியாவில் கண்டெடுத்தார். கிளப்புகளில் அது பிரபலமானது. பிறகு சாஃப்ட் செல் குழு அதைத் தன் பாணியில் பாடி 1981இல் பிரிட்டனின் முதலிடத்தைப் பிடித்தது.

பெயரை மறைத்த டிஜேக்கள்

நல்ல பாட்டு கையில் கிடைத்த டிஜேவுக்கு ஒரு பயம் இருந்தது. பெயர் தெரிந்தால் மற்றவர்களும் தேடிப் பிடித்துவிடுவார்களே! அதனால் தட்டின் நடுவிலுள்ள முத்திரையின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகருக்குப் பொய்ப் பெயர் சூட்டினார்கள்.

பிராங்க் வில்சன் மோட்டவுனுக்காக 1965இல் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ என்ற பாட்டு, விகன் கசினோவில் ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பெயரில்தான் ஒலித்தது. பாடுவதைவிடப் பாட்டுத் தயாரிப்பில் வில்சன் கவனம் செலுத்தியதால் அந்த வெளியீடு கைவிடப்பட்டு, மாதிரிப் பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. நம் கணக்கில் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும்.

வெள்ளைத் தாள் பாட்டைக் காப்பாற்றியது உண்மை. பாடியவரின் பெயரை மறைத்ததும் உண்மை. தம் பாட்டுக்கு ஆயிரம் பேர் ஆடுவது தெரியாமலே எத்தனையோ பாடகர்கள் அமெரிக்காவில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அசல் மட்டும்தானா?

இன்றும் பல கிளப்புகளில் ஒரு விதி இருக்கிறது: முதல் அச்சின் அசல் தட்டை மட்டுமே டிஜே ஒலிக்கவிட வேண்டும், மறுபதிப்போ கணினிப் பதிவோ கூடாது.

இந்த விதியை ஆதரிப்போர் சொல்லும் நியாயம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. காசும் காலமும் செலவழித்துத் தேடியவருக்குத்தான் மேடை கிடைக்க வேண்டும். போலிப் பிரதிகளை அனுமதித்தால் திருட்டு வியாபாரம் வளரும். விதி இருப்பதால்தான் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆர்வமும் இருக்கிறது என்கிறார்கள்.

எதிர்ப்பவர்களின் கேள்வியும் நேரானது. ஆட வந்தவர் காதால் கேட்கிறாரா, தட்டின் முத்திரையைப் பார்க்கிறாரா? ஆயிரக்கணக்கான பவுண்ட் வைத்திருப்பவர்தான் டிஜே ஆக முடியும் என்றால், தொழிலாளர் பிள்ளைகள் வளர்த்த இசை பணக்காரர் பொழுதுபோக்காக மாறிவிடாதா?

1970களின் நடுவில் இன்னொரு பிளவும் ஏற்பட்டது. பிளாக்பூல் மெக்காவின் டிஜேக்கள் இயன் லெவினும் கோலின் கர்ட்டிசும் புதிதாக வந்த பாடல்களையும் சேர்த்தார்கள். விகன் பக்கத்தினர் பழையதே போதும் என்றார்கள். அந்தச் சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை.

பாடியவருக்கு என்ன கிடைக்கிறது?

இரு தரப்பும் அதிகம் பேசாத விஷயம் இது. பழைய தட்டு கைமாறும்போது, விலை எவ்வளவு ஏறினாலும் பாடியவருக்கு அதில் பங்கு கிடையாது. பிரிட்டனில் ஓவியர்களுக்கு இப்படியில்லை. அவர்களின் ஓவியம் ஏலத்தில் மறுபடி விற்கப்படும்போது ஒரு பங்கு தரவேண்டும் என்ற சட்டம் 2006 முதல் உண்டு. இசைத்தட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. திருட்டுப் பிரதி விற்றாலும் பாடகருக்கு ஒரு காசும் வராது.

பாடகரைத் தேடிப் பணம் போகக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, அவரையே மேடைக்கு அழைப்பது. மேஜர் லான்ஸ் என்ற பாடகர் 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்து டார்ச் கிளப்பில் பாடினார். அது நேரடி ஒலிப்பதிவாக வெளியானது. சொந்த நாட்டில் புகழ் மங்கிய நேரத்தில் அவருக்கு இங்கே ஒரு கூட்டம் காத்திருந்தது.

மற்றொன்று, உரிமை பெற்று மறுபதிப்பு செய்வது. 1982இல் தொடங்கிய கென்ட் ரெக்கார்ட்ஸ் இந்த வழியில் நடக்கிறது. பழைய நிறுவனங்களின் ஒலிநாடாக்களைத் தேடி, முறைப்படி அனுமதி வாங்கி, பாடியவர் யார், எங்கே பதிவானது என்ற விவரங்களோடு வெளியிடுகிறது. எந்நாளும் வெளிவராத பாட்டுகள்கூட இப்படி வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன.

சேகரிப்பாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் தேடாமல் இருந்திருந்தால் பல பாட்டுகள் கிடங்கிலேயே மக்கிப் போயிருக்கும். மறுபதிப்பு செய்யவும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் தட்டைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். அதிலுள்ள பெயரை ஊரறியச் சொல்வதும், உரிமைப்பட்டவருக்குச் சேரவேண்டியது சேரும்படி வாங்குவதும் மீதிப் பாதி.

பழைய பாட்டை விரும்பும் எவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அசல் தட்டு வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். வசதியில்லாதவர் உரிமை பெற்ற மறுபதிப்பை வாங்கினால், அதைவிடக் குறைந்த ரசிகராகிவிட மாட்டார். பாடியவர் பக்கமிருந்து பார்த்தால், அவர் கொடுத்த சிறு தொகைதான் ஏலத்தில் கொட்டிய பெரிய தொகையைவிட அதிகம் பயன்படும்.