சிப்பி பொறுக்கும், சரீரம் பொறுக்காது

1961-ஆம் ஆண்டின் முத்துக்குளிப்போடு தூத்துக்குடியின் கடலடி முத்துப் பார்களில் சிப்பி வளம் ஓய்ந்துபோய், குளியாட்கள் சங்கு ஒன்றையே நம்பி மூழ்க வேண்டிய நிலை வந்துவிட்ட பின்பு, கடல் கொடுக்கும் காலத்திற்காகக் காத்திராமல் சிப்பியைக் கொண்டே முத்தை விளைவித்துப் பார்ப்பது என்ற சங்கற்பத்தோடு, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் ஒரு கூடம் அமைத்தார்கள். கே. அழகர்சுவாமியின் தலைமையில் 1973-இல் அந்த முயற்சி பலித்து, இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து கைக்கு வந்தது. அதே 1973-இல், வேப்பலோடை என்ற பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார் என்று நாம் தாராளமாக நினைத்துக்கொள்ளக்கூடிய ரால்ஃப் ஸ்டைன்மன் என்பவர், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சர்வகலாசாலையில் ஸான்வில் கோனுடன் சேர்ந்து, எலியின் மண்ணீரலில் கிளைகள் பரப்பிய ஒரு நூதன ஜீவாணுவைக் கண்டதாக எழுதினார். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆனால், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் எதைக் கண்டு விழித்தெழுகின்றன என்ற வினாவோடு சென்ற இதழில் நிறுத்திய நமக்கு, முத்துச்சிப்பியைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது.

வேப்பலோடையில் நடந்தது உண்மையில் ஒரு ரண சிகிச்சை. மென்தால் தூவிய கடல்நீரில் இட்டுச் சிப்பியை மயங்கச் செய்து, வாய் விரிந்ததும் அதைத் தாங்கியில் நிறுத்தி, பாதத்தின் அடியில் சிறிது கீறி, ஓட்டில் கடைந்த மணி ஒன்றை இனப்பெருக்கத் தசைக்குள் செலுத்துவார்கள். மணி மட்டும் போனால் உருண்டை முத்து விளையாது. வேறொரு சிப்பியைத் திறந்து, அதன் ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும் மென்சவ்விலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கிய துண்டு ஒன்றை மணியோடு ஒட்டி வைக்க வேண்டும். அந்த அந்நியத் துண்டுதான் பெருகி, மணியைச் சுற்றிப் பையாக மூடிக்கொண்டு, முத்துப்பூச்சை ஏடேடாகச் சுரக்கிறது. கடலில் முத்து தானாக விளைவதற்குக் காரணம் சுவாதி மழைத்துளி என்று நம் பெரியவர்களும், மணற்பரல் என்று பள்ளிப் புத்தகங்களும் சொல்லிவந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மனும், பின்னால் சென்னை மாகாணத்து மீன்துறைக்கு வந்த ஹார்னெலும் நாடாப்புழுவின் இளம்பருவமே காரணம் என்றார்கள். அந்த வாதங்களுக்குள் இப்போது நாம் போக வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது வேறு. ஒரு சிப்பியின் சதையை இன்னொரு சிப்பி எப்படித் தன்னுள் வாழவிட்டது? சில சிப்பிகள் மணியைக் கக்கிவிடுகின்றன, சில சிகிச்சை தாளாமல் இறக்கின்றன, காயத்தருகே இரத்த அணுக்களும் வந்து கூடத்தான் கூடுகின்றன. ஆயினும், தப்பிப் பிழைத்தவற்றில் அந்தச் சதை நிலைத்துவிடுகிறது. ஒருவர் தோலை இன்னொருவர் மேல் ஒட்டினாலோ, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் அல்லாத பட்சத்தில், இரண்டு வாரத்திற்குள் அது கறுத்து உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது தீப்புண் சிகிச்சையில் இதைக் கவனித்த பீட்டர் மெடாவர், அதே நபரின் தோலை மறுமுறை ஒட்டினால் முன்னிலும் சீக்கிரமாக உதிர்வதைக் கண்டு, சரீரம் ஞாபகம் வைத்துக்கொண்டு செய்யும் காரியம் இது என்று ஸ்தாபித்தார். ஞாபகம் வைத்துக்கொள்வது டி செல். சிப்பிக்கு டி செல் கிடையாது.

டி செல்லுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. அதன் எதிரே முழுக் கிருமியையே கொண்டுவந்து நிறுத்தினாலும் அது கண்டுகொள்ளாது. யாராவது அந்தக் கிருமியைச் சிதைத்து, அதன் புரதத்தில் ஒரு துணுக்கை எடுத்து, தம் மேற்பரப்பில் உள்ள பிரத்தியேகமான ஏந்து புரதத்தில் பொருத்திக் காட்டினால்தான் அதற்குத் தெரியும். அப்படிக் காட்டும் தொழிலில் தலைசிறந்தது ஸ்டைன்மன் கண்ட அந்த டென்ட்ரிடிக் செல். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் சர்க்கார் அதிகாரிகள் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைக் கரையில் வியாபாரிகளிடம் காட்டி மதிப்பிடச் செய்த பிறகே, தோணிகள் புறப்படலாமா என்று முடிவு செய்வார்கள். டென்ட்ரிடிக் செல் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

கடற்கரையில் வெறுங்காலோடு நடந்து, சிப்பி ஓடு கிழித்து, காயத்தில் சீழ் பிடித்தவர்களுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டும். புண் காலில் இருக்க, வலி அங்கே ஏன் என்று கேட்டால் பதில் இதுதான்: காலின் தோலடியில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிடிக் செல், அதைத் துணுக்குகளாக நொறுக்கிக்கொண்டே நிணநீர் வழியாக மேலேறி, தொடையிடுக்கின் நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு குறிப்பிட்ட துணுக்கோடு பொருந்தக்கூடிய டி செல் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான். ஆகவே, அவை அனைத்தும் மாறிமாறி வந்து போகும் கணுவில் காத்திருந்து காட்டுவதே வழி. பொருந்தியது அகப்பட்டதும் அது அங்கேயே தங்கிப் பல்கிப் பெருகுகிறது. நெறி கட்டுவதில் பெரும் பங்கு இந்தக் கூட்டத்திற்கே.

துணுக்கு பொருந்தினால் மட்டும் போதாது என்பது இன்னும் நுட்பமான விஷயம். ஆபத்து உண்மைதான் என்பதற்கு அடையாளமாக டென்ட்ரிடிக் செல் இன்னொரு புரதத்தையும் சேர்த்து நீட்ட வேண்டும். அந்த இரண்டாம் சமிக்ஞை இல்லாவிட்டால் டி செல் விழிப்பதற்குப் பதிலாக மரத்துப்போகிறது. நம் சொந்தத் தசையின் துணுக்குகளும் ஓயாமல் காட்டப்பட்டுக்கொண்டே இருப்பதால், இந்த ஏற்பாடு இல்லையென்றால் நாம் நம்மையே தின்றுவிடுவோம்.

துணுக்கை ஏந்தும் புரதத்திற்கு மனிதரில் ஹெச்.எல்.ஏ. என்று பெயர். தன் உடலுக்கே உரிய ஏந்து புரதத்தில் இருந்தால்தான் டி செல் வைரஸின் துணுக்கை மதிக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டோஹர்டியும் ஜிங்கர்நாகலும் 1974-இல் காட்டினார்கள். அந்தப் புரதத்தின் மேல் ஒரு பள்ளமும், பள்ளத்தில் துணுக்கும் கிடப்பது 1987-இல் ஹார்வர்டில் கண்ணுக்கே தெரிந்தது. ஸ்டைன்மன்னுக்கோ 2011-இல்தான் நோபல் பரிசு. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னர் அவர் காலமாகிவிட்டார்.

துணுக்கைக் காட்டி டி செல்லை எழுப்பும் இவ்வளவு விரிவான விசாரணை எந்தப் பிராணியில் தொடங்குகிறது என்று தேடினால், மன்னார் வளைகுடாவிலேயே விடை நீந்துகிறது. குளியாட்கள் அஞ்சிய சுறாவுக்கு டி செல்லும் உண்டு, ஏந்து புரதமும் உண்டு. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்கு, குளித்ததில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அந்த மந்திரத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஆனால் தாடையுள்ள மீன் முதல் மனிதன் வரை இந்த விஷயத்தில் ஒரே குலம் என்பதும், சிப்பி அதற்கு வெளியே நிற்கிறது என்பதும் நிச்சயம்.

அந்தக் குலத்தில் பிறந்ததற்கு நாம் விலை கொடுக்கிறோம். ஹெச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறுவதால், மாற்றுச் சிறுநீரகத்தோடு கூடவே வரும் கொடுத்தவரின் டென்ட்ரிடிக் செல்கள் பெற்றவரின் கணுக்களுக்குப் போய், அங்குள்ள டி செல்களில் நூற்றுக்குச் சிலவற்றை ஒரேயடியாக எழுப்பிவிடுகின்றன. உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே முழுப் பொருத்தம் நாலில் ஒரு பங்குதான் சாத்தியம். 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த நாளிலிருந்து இன்றுவரை, அபூர்வமான விதிவிலக்குகள் தவிர, டி செல்லை அடக்கிவைக்கும் மாத்திரை இல்லாமல் அந்தச் சிகிச்சை நிலைப்பதில்லை. உடம்பு தேறிவிட்டதே என்றோ, செலவு கூடுகிறதே என்றோ, இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர்களில் எவரேனும், அவர்கள் வீட்டில் எவரேனும், அந்த மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.